யாரும் கூப்பிடாத கோப்பு

தோர்ஷாவ்ன் துறைமுகத்துக்கு மேலே
ஒரு ஜன்னல், அணையாத மடிக்கணினி.
ரன்வா எண்ணிவிட்டாள்: இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்.
பொத்தானுக்கு ஒன்று, பயணச்சீட்டுக்கு ஒன்று,
அலையின் உயரம் சொல்லும் சின்னப் பெட்டிக்கும் தனியாக ஒன்று.
கப்பலின் நூலிழை இணையத்தில்
ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து கதவு தட்டும்.

ஒரு செருகுநிரல் சேர்த்தாள்.
நான்கே விநாடி. எல்லாம் ஒரே மூட்டை.
யாரும் கூப்பிடாததை அது உதறிவிட்டது;
அதுதானே அதன் வேலை.

வியாழனன்று புயல்.
கண்ணிமைப்பதற்குள் பக்கம் திறந்தது:
நேரம், விலை, நாய்க்கான கட்டணம்கூட.
‘இன்று கப்பல் இல்லை’ என்பது மட்டும் இல்லை.

சீட்டு கொடுக்கும் பார்துர்
மீன்பெட்டி அட்டையைக் கிழித்து
அதைக் கரியால் எழுதி மாட்டினான்.
நனைந்தபடி வந்து வாசித்தாள்;
பட்டியலில் ஒரு வரி சேர்க்கத்
திரும்பிப் போனாள்.
அட்டையைக் கழற்றச் சொல்லவில்லை.