கடைசிப் படி

இங்கே கடைசியிலிருந்துதான் தொடங்குவோம்.
பல் துலக்குவதைப்
பதினான்கு துண்டாய் நறுக்கிவைத்து
பதிமூன்றை நான் செய்வேன்.
கழுவிய பிரஷ்ஷைக் குவளையில் போடும்
அந்த ஒன்று மட்டும் நெவேனுக்கு.

'டங்' என்னும் தகரக் குவளை.
மொத்த வேலையும் தானே முடித்ததுபோல்
ஒன்பது வயது முகம்
சுற்றிலும் ஒருமுறை பார்க்கும்.

தல்காவேயில் மழைக்கு விடுமுறை கிடையாது.
பள்ளிக்கூடத் தகரக் கூரையில்
யாருக்கும் பாடம் எடுக்காமல்
பேசிக்கொண்டே இருக்கும்.
அதற்கு அவன் காதைப் பொத்தியதில்லை.
புதினாப் பற்பசைக்குத்தான் அலறினான்: நெருப்பாம்.
ஸ்ட்ராபெரி வாங்கினோம்.
துப்பினான், என் சட்டையில்.
ருசியே இல்லாத ஒன்றை
ஓட்டிலியா டீச்சர் கடல் கடந்துபோய்
போர்த்தோ மோன்ட்டிலிருந்து வாங்கிவந்தார்.
உதட்டைப் பூட்டிக்கொண்டு
மோந்து மட்டும் பார்த்தான்.

பதினோராம் வாரம் அவன் அப்பா வந்தார்,
மீன் பண்ணை ரப்பர் பூட்ஸோடு,
கோபமா சிரிப்பா தெரியாத முகத்தோடு.
"வீட்டில் ஒரு பிரஷ் வெளியே கிடக்க விடுவதில்லை.
சவர பிரஷ், ஷூ பிரஷ் போகட்டும்.
நேற்று படகுக்கு அடித்துக்கொண்டிருந்தேன்,
டீ குடித்துத் திரும்புவதற்குள்
பெயின்ட் பிரஷ்ஷும் குவளைக்குள்.
விடிகாலை, அரைத்தூக்கம்,
எதை எடுத்தேனோ..."
ஈயென்று காட்டினார்.
முன்பல் இரண்டும் பச்சை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
படி பதினான்கு. வீட்டிலும் செய்கிறான்.

வாய்தான் திறக்கவில்லை.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை
மின்சாரம் போயிற்று.
ஜன்னல் இல்லாத குளியலறை,
குழாய் எங்கே என்பதே தெரியவில்லை.
என் கைக்குள் அவன் கை,
அதற்குள் பிரஷ்.
உதட்டில் பட்டதும்
திறந்தான்,
அவ்வளவு சாதாரணமாக.
நான் ஏழு எண்ணும் வரை
கடைவாயில் இழைகள் உரசும் ஓசை.

விளக்கு வந்தது.
எதிரே ஒரு பையன்
பிரஷ்ஷை நீட்டிக்கொண்டு நெருங்குகிறான்.
நெவேன் வாயை மூடிக்கொண்டான்.

ஒரு வருஷமாய்ப்
பற்பசையை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கண்ணாடிமேல் இப்போது ஒரு துண்டு தொங்குகிறது,
இரண்டே ஆணியில், கோணலாக.
மில்லாராய்க்குத் தன் முகம் வேண்டும்,
பிரஷ்ஷைவிட அதைத்தான் அதிகம் துலக்குவாள்;
அவள் முறைக்கு விலக்கி
அவன் முறைக்கு மூடுகிறோம்.
சில நாள் மறந்துவிடுகிறோம்.
அன்றைக்கு ஒன்றும் நடக்காது.

திங்கள் முதல் படி பதிமூன்று: துப்புதல்.
அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.
என் சட்டை சாட்சி.