சக்களத்தி பொறுக்காதவன்

காலையில் வந்தார்கள் அரசனின் ஆட்கள்.
நாலு பேர், ஒரு சம்மட்டி, ஒரு கோணிப்பை.
எருசலேமில் எங்கள் சந்துக்குள் நுழைந்து
ஒலிவப் புண்ணாக்கு மூட்டையைத் தாண்டி
நேராக என் அடுப்பங்கரைக்கு.

அவளைத் தேடவே வேண்டாம்.
உப்புச் சாடிக்குப் பின்னால்தான் நின்றாள்,
உள்ளங்கை உயரம்,
இரு கைகளால் மார்பைத் தாங்கியபடி,
எப்போதும் கொஞ்சம் சிரித்தபடி.
ஒரு படி வாற்கோதுமை கொடுத்துச்
சந்தையில் வாங்கியவள்.
மூன்று பேறுகாலத்திலும்
என் தலைமாட்டில் இருந்தவள்.

ஒரே அடி.
அதற்குச் சம்மட்டி எதற்கு,
கை நழுவ விட்டாலே போதுமே.

"இனி ஒருவருக்கு மட்டும்" என்றான் பெலத்தியா,
மீசை முளைக்காதவன்,
அரண்மனையில் வாசித்த சுருளின் மை
நாக்கில் இன்னும் காயாதவன்.

அன்றிரவு மாவு பிசைந்துகொண்டே
உன்னிடம் கேட்டேன்.
கேட்கக் கூடாதென்று தெரியும்.

கடலுக்கு உப்புப் போட்டவன் என்கிறார்கள்,
என் உப்புச் சாடிக்குப் பின்னால்
ஏன் எட்டிப் பார்க்கிறாய்?
ஒரு பிடி களிமண்
உனக்குச் சக்களத்தியா?
அவள் ஒருநாளும் கேட்டதில்லை
என்னை மட்டும் என்று.
பக்கத்தில் உனக்கும் இடம் விட்டுத்தான் நின்றாள்.

என் புருஷனும் இப்படித்தான்.
கிணற்றடியில் ஏன் இவ்வளவு நேரம்,
யாரைப் பார்த்துத் தலையாட்டினாய்,
கூந்தலில் யார் வீட்டு எண்ணெய் மணக்கிறது.
அதற்கு அன்பென்று பெயர் சொன்னாள்
என்னைக் கட்டிக்கொடுத்தவள்.
என் கன்னத்துக்கு அது வேறு பெயரில் தெரியும்.
நீயும் அந்த வகையா?

பதில் இல்லை.
மாவு புளித்தது.

மூன்றாம் நாள்
அதே நாலு பேர், அதே சம்மட்டி,
இன்னோம் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள்.
தீக்குழி இருக்கும் இடம்.
அந்தத் தெய்வத்தின் பேரைச் சொல்லமாட்டேன்.
அதற்குப் பொறாமையே கிடையாது.
அவளைக் கும்பிடு, இவனைக் கும்பிடு,
எத்தனை பேரை வேண்டுமானாலும் கும்பிடு,
பிள்ளையை மட்டும் கொடு என்னும்.
அழுகை வெளியே கேட்காதிருக்க
முரசும் வைத்திருந்தார்கள்.

மழை பொய்த்த வருஷம்
என் புருஷன் அங்கே வாக்குக் கொடுத்திருந்தான்:
அறுப்பு முடிந்ததும் மிக்னேயாவை.
நடுப்பிள்ளை. திக்குவாய்.
ஆட்டுக்குட்டிகளுக்கெல்லாம் பெயர் வைக்கிறவன்.

அவளிடம் அழுதேன்.
மார்பைத் தாங்கியபடி நின்றாள், கொஞ்சம் சிரித்தபடி.
யார்மேலும் அவளுக்கு வருத்தமில்லை.
உன்னிடமும்தான் அழுதேன்.
அப்போது நீயும் பேசவில்லை,
அதையும் உன் சுருளில் எழுதிக்கொள்.

அறுப்புக்குப் பதினோரு நாள் இருக்கையில்
குழிமேட்டில் சம்மட்டி விழுந்தது.
பெலத்தியா தொண்டை கிழியக் கத்தினான்,
பிள்ளைகள் அவருடையவை,
ஒருத்தனுக்கும் பங்கில்லை, ஒருத்தனுக்கும்.

என்னுடையது என்னுடையது என்று
பல்லைக் கடிக்கும் உன் குரலை
அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.
என் குரல் மாதிரியே இருந்தது.

அடுத்த வீட்டு அபியேலுக்கு
நீ ஏழு மாதம் பிந்தி வந்தாய்.
அவன் அம்மா இன்னும்
இரண்டு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றுகிறாள்.

இன்று மதியம் வீடு பெருக்கும்போது
மிக்னேயா ஒரு துண்டு கண்டெடுத்தான்.
பாதி முகம். அந்தச் சிரிப்பு.
"இ... இது யா... யாரு?"
வாங்கி இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டேன்.

நீ தன்னலக்காரனா,
எனக்குத் தெரியவில்லை.
எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் தெய்வம்
அந்தத் தீயையும் பொறுத்துக்கொண்டிருக்கும்,
அதுவரைதான் என் கணக்கு வருகிறது.

குனிந்து ரொட்டி தட்டும்போதெல்லாம்
உடைந்த விளிம்பு இடுப்பில் உறுத்துகிறது.
உனக்கும் உறுத்துகிறதா,
சொல்.