நான்கு இலக்கம்

ஷிப்ட் முடிந்து வேன் பாலம் ஏறும்போதே
புஷ்பகாந்தி போட்டு உடைத்துவிட்டாள்.
எட்டாவது பாகத்தில் அந்த டாக்டர் செத்துப்போகிறானாம்.
காதைப் பொத்தினேன்.
பொத்தியது பிந்தி.

நான் ஆறாவதில் இருக்கிறேன்.
அங்கே அவன் இன்னும்
நூடல்ஸை ஊதி ஊதித் தின்றுகொண்டிருக்கிறான்.
இனி அவன் குடை விரித்தாலே
எனக்குத் துக்கம்.

பாயான் லெப்பாஸில் எட்டு மணி நேரம்
சில்லுகளைக் கண்ணாடி வழியாக எண்ணிவிட்டு
பிறைக்கு வந்து குளித்து உட்கார்ந்தால்
மணி பன்னிரண்டரை.
ஒரு பாகம் பார்ப்பதற்குள் உலகம்
மூன்று பாகம் பார்த்துவிடுகிறது.
முதல் பருவம் ஒரு செயலியில்,
இரண்டாவது வேறொன்றில், அதற்குத் தனிக்காசு.
மூன்றாவதைத் தேடினால்
'உங்கள் நாட்டில் கிடைக்காது.'

உங்கள் நாட்டில்.
சிவப்பு அட்டையோடே செத்துப்போன என் அப்பாவிடம்
எந்தக் கவுண்டரிலும் யாரும் சொல்லாத வார்த்தை.
அதற்காகவே கொஞ்ச நேரம்
அந்தத் திரையை மூடாமல் வைத்திருந்தேன்.

வசனவரி மலாயில்தான், அதுவும் இரண்டு நொடி பிந்தி.
அவள் அழுது முடித்துக் கதவைச் சாத்தியபின்
வெறும் கதவுக்குக் கீழே
'மாஃப்' என்று வரும்.

கணக்கு அத்தானுடையது.
அக்காவை விட்டுப் போய் இரண்டு வருஷம்.
மைவி கார், கேஸ் அடுப்பு, மீன்தொட்டி
எல்லாவற்றையும் வக்கீல் வைத்துப் பிரித்தார்கள்.
கடவுச்சொல் யார் ஞாபகத்திலும் வரவில்லை.

மாதம் ஒருமுறை திரை கேட்கும்:
இந்தத் தொலைக்காட்சி உங்கள் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல,
எண்ணைத் தட்டுங்கள்.
எண் அவர் போனுக்குப் போகும்.
பதினைந்து நிமிடம் அதற்கு ஆயுள்.
'அத்தான், கோட்' என்று அனுப்புவேன்.
நான்கு இலக்கம் வரும்.
சௌக்கியமா என்று கேட்பதில்லை.
சில நாள் பதினாறாவது நிமிடத்தில் வரும்,
திரும்ப முதலிலிருந்து.

நேற்று எண்ணைத் தட்டியதும்
'யார் பார்க்கிறீர்கள்?' என்றது.
அத்தான் பெயருக்கு ஒரு வட்டம்.
அக்காவுக்கு மஞ்சள் ஆந்தை, இன்னும் அழிக்கவில்லை.
எனக்கு 'மச்சினி'.
அவற்றுக்கு அடுத்து, போன மாதம் இல்லாத ஒன்று,
பலூன் பிடித்த யானைக்குட்டி.
கீழே: சிறுவர்.

எத்தனை மாதக் குழந்தை
கார்ட்டூன் பார்க்கும் என்று கணக்குப் போட்டேன்.
விரல் போதவில்லை. பிறகு போதும்போல் இருந்தது.

தலை துவட்டிக்கொண்டே அக்கா வந்தாள்.
அவள் நிமிர்வதற்குள் ஆந்தையை அழுத்திவிட்டேன்.
'எங்கடி விட்டோம்?'
'ஆறுலக்கா.'
'இவன் பொழைச்சுக்குவான்ல?'
'தெரியல. நானும் உன்கூடத்தானே பாக்கறேன்.'

நடுவில் வட்டம் சுற்றியது.
அக்கா முறுக்கு டின்னைத் திறக்க
மூடி இறுகிக்கொண்டது.
'இந்தா' என்று என்னிடம் நீட்டினாள்.