எர்த்

திருவாடானை வழியாக வரும் எட்டு மணி பேருந்தில்
நான்கு வட்ட முகம் கொண்ட பலகையை
மடியில் வைத்து வந்தார் இன்னாசிமுத்து.
டீசல், ஆயில், சூடு, பேட்டரி.
பழைய கைலியில் சுற்றியிருந்தார்,
மொட்டை போடத் தூக்கிவரும் பிள்ளையைப்போல.

“பாதி டேங்க்கு காட்டுச்சு.
பாதிதானேன்னு போனேன்.
அஞ்சு பாகம் தண்ணியில நின்னுபோச்சு.
கட்டி இழுத்து வந்தவனுக்கு
ஒரு கூடை நண்டு போச்சு.”

தேவகோட்டையில் என் கடை.
லாரி, டிராக்டர், கல்யாண வீட்டு ஜெனரேட்டர்.
மிதக்கும் எதையும் நான் தொட்டதில்லை.
தொண்டியில் மூன்று மெக்கானிக்குகள்,
மூவரும் புது மீட்டர் மாட்டச் சொன்னார்களாம்.

மேசையில் கிடத்தினேன்.
ஒயரைக் கழற்றினால் முள் ஒரு கோடிக்கு,
உடம்பில் தொட்டால் மறு கோடிக்கு.
போனது, வந்தது.
பத்து ஓம் கொடுத்தேன், காலி என்றது.
நூற்றெண்பது கொடுத்தேன், நிறைந்தது என்றது.
“முள்ளு நாலும் யோக்கியம்.”
“அப்ப என் படகு பொய் சொல்லுதா?”

வியாழன் மறுபடி வந்தார், அதே பலகை, அதே கைலி.
அப்போதுதான் கேட்டேன்:
“ராத்திரி லைட்டு போட்டா என்ன ஆகும்?”
“நாலு முள்ளும் சேந்து தலையாட்டும்.”
“இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே.”
“நீங்க கேக்கலையே அக்கா.”
“செல்ஃப் எடுக்குதா?”
“அது செத்து ஒரு வருசமாச்சு.
கைப்பிடி சுத்தித்தான் எழுப்புறோம்.”

என் மல்டிமீட்டரைக் கொடுத்தனுப்பினேன்.

சனிக்கிழமை போன் வந்தது,
என்ஜின் சத்தம் முதலில், பிறகு அவர்.
வெளியே வற்றிய ஊருணியில்
பையன்கள் ஸ்டம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள்.
“கருப்பு முனை பேட்டரி மைனஸ்ல வைங்க.
செவப்ப என்ஜின் உடம்புல.
பெயின்ட்டு மேல இல்ல, இரும்பு மேல.
என்ன காட்டுது?”
“ஒண்ணு புள்ளி நாலு.”
“கிட்டத்தட்ட ஒண்ணுமே காட்டக்கூடாது.
எர்த்து போயிருக்கு.”
“கடல்ல ஏதுக்கா எர்த்து?”

சிரித்தேன். பிறகு யோசித்தேன்.
லாரிக்கும் அதுதான் பெயர்,
ரப்பர் டயரில் நின்றுகொண்டு
ஒருநாளும் மண்ணைத் தொடாத லாரிக்கும்.

என்ஜினுக்கு அடியில், பாதம் பதிந்த இடத்தில்
கருப்பு ஒயரின் கண்ணைத் தேடச் சொன்னேன்.
“பச்சையா இருக்கு. பாசி மாதிரி.”
பாசியில்லை, செம்பு.
இத்தனை நாளாய் அந்தப் பச்சை
தன் பங்குக்குக் கொஞ்சம் தடை சேர்த்துக்கொண்டிருந்தது:
காலி டேங்கைப் பாதியாக்கி,
சூட்டைத் தணித்துக் காட்டி,
ஆயிலை ஏற்றிச் சொல்லி.
மூன்றிலும் ஒருமுறைகூட
மனசு நோகப் பேசவில்லை.

உப்புத்தாள் போட்டு, வெள்ளையாகும்வரை தேய்த்து,
புது போல்ட்டு, மேலே வாஸலின்.
முக்கால் மணி நேரம் கழித்து அழைத்தார்.
“செல்ஃப் எடுக்குதுக்கா!
ஒரே தட்டு!”
பின்னால் யாரோ விசிலடித்தார்கள்.
“சரி, முள்ளப் பாருங்க.”

அமைதி. என்ஜின் மட்டும்.
“டீசல் அடியில கெடக்கு.
ஆயிலும் கீழ.
சூடு ஏறுதுக்கா, செவப்புகிட்ட போயிருச்சு.”
இன்னும் கொஞ்சம் அமைதி.
“முன்னாடி நல்லாத்தான இருந்துச்சு?”

“ஆஃப் பண்ணுங்க” என்றேன். “இப்பவே.”
தண்ணீர் பம்பைக் கழற்றினால்
ஆறு இதழ் ரப்பர் சக்கரத்தில்
இரண்டுதான் மிச்சமாம்.
எத்தனை மாதமாகக் கொதித்ததோ.
அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

திங்கள்கிழமை கண்டக்டர் கையில்
மல்டிமீட்டர் திரும்பி வந்தது,
கூடவே செய்தித்தாளில் மடித்த கருவாடு.
பழக்கத்தில்
கருப்பு முனையையும் சிவப்பு முனையையும்
ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன்.
பூஜ்யம் வரவில்லை.
நக்கிப் பார்த்தேன். உப்பு.

தின்னரில் துணியை நனைத்தேன்.