மூன்றாவது ஸ்னேக்

பீல் நகரில் நவம்பர் மழை.
கடிகாரத் தொழிற்சாலையாய் இருந்த கட்டடத்தின்
இரண்டாம் மாடி.
நாற்பத்தொரு கதிரைகள், ஒரு கறுப்புப் பியானோ,
அதன் இடது தோளருகே
முதுகில்லாத முக்காலியில் நான்.

நிகழ்ச்சித் தாளில் என் பெயர் இல்லை.
பக்கம் புரட்டுகிறவளுக்குப் பெயர் போடுவதில்லையாம்.
கறுப்பு உடுத்து, வளையல் கழற்றி,
வாசனை பூசாமல் வந்திருக்கிறேன்,
சாவீட்டுக்குப் போகிற அதே ஒழுங்கு.

மகளின் பியானோ வகுப்பில்
மூலையில் குந்தியிருந்தே
அந்தப் புள்ளிகளைப் படிக்கப் பழகினேன்.
பத்து வயதில் அவள் கூடைப்பந்துக்குப் போய்விட்டாள்.
நான் போகவில்லை.

ரைசா அர்காதியெவ்னா ருஷ்ய மொழியில் கதை வாசிப்பார்.
பெயாத் ஷ்டூக்கி பியானோ வாசிப்பார்.
இருவருக்கும் ஒரே வினைச்சொல் கொடுத்திருக்கிறது தமிழ்,
அதை இங்கே யாருக்கும் சொல்லவில்லை.

பெயாத்துக்கு ருஷ்யன் தெரியாது. எனக்கும்தான்.
ஒத்திகையில் ரைசா சொன்னார்:
"முடிவில் ஸ்னேக் மூன்று முறை வரும்.
ஸ்னேக் என்றால் பனி.
மூன்றாவதில் தொடங்குங்கள்."
தொண்டையை மிச்சம் பிடிக்க
வரிகளை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் காட்டினார்:
ஸ்னேக். ஸ்னேக். ஸ்னேக்.
பெயாத் தன் விரல்களையே பார்த்திருக்கிற மனிதர்.
எண்ணுவது என் பொறுப்பு, தலையசைப்பதும்.

ஜெர்மன் சுருக்கத்தில் கதை இவ்வளவுதான்:
அடகுக்கடைக்காரனின் பியானோவைச்
சறுக்குவண்டியில் கட்டிக்கொண்டு
உறைந்த ஆற்றைக் கடக்கிறான் ஒருவன்.
மேடு தட்டும்போதெல்லாம்
உள்ளே ஏதோ ஒரு தந்தி அதிர்கிறது.
குதிரை காதைத் திருப்புகிறது.
பணத்தைக் கட்டியவள் அக்கரையில் இருக்கிறாள்,
அல்லது இல்லை.

ரைசாவின் குரல் தணிகிறது.
ஸ்னேக்.
சுண்டுவிரலை மடக்குகிறேன்.
முன்வரிசையில் யாரோ
மூக்குக்கண்ணாடியைக் கழற்றும் சத்தம்.
ஏற்றத்தில் வண்டி இழுப்பது போல நீண்ட வாக்கியம்,
ஸ்னேக்.
மோதிரவிரல்.
இன்னும் ஒரு வாக்கியம்.
அதன் கடைசியில், தெளிவாக,
"சினேகம்" என்றார்.

விறைத்துப் போனேன்.
எத்தனை வருடமாயிற்று இந்தச் சொல்லைக் கேட்டு!
வீட்டில் எல்லோரும் ஃபிரெண்ட் என்றே சொல்லுகிறோம்.
கோபித்துக்கொண்டு போன சொல்
இந்த மாடிப்படி ஏறி, நனைந்து,
ருஷ்யக்காரியின் வாயிலிருந்து
எட்டிப் பார்க்கிறது.

மூன்றாவது பனி வரட்டும் என்று காத்திருந்தேன்.
பெயாத்தின் கைகள்
கட்டைகளுக்கு மேலே ஒரு விரற்கடையில் தொங்கின.
மண்டபம் மூச்சை உள்ளே வைத்திருந்தது.
கண்ணாடி யன்னலில் மழைதான் வாசித்தது.

ரைசா புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார்.
அந்தக் கடைசிச் சொல்லை மட்டும்,
சின்னப் பிள்ளைக்கு ஊட்டுவது போல,
மறுபடி எனக்கே சொன்னார்:
சினேகம்.

வேறென்ன செய்வது, தலையசைத்தேன்.
அடியாழத்துக் கட்டையொன்று
பனிக்கட்டி வெடிப்பது போல ஒலித்தது.
பிறகு வந்ததெல்லாம் புள்ளிகள்,
நான் புரட்டினேன்.

கதிரைகளை அடுக்கும்போது கேட்டேன்:
"கதையில் நண்பன் எங்கே வந்தான்?"
"எந்த நண்பன்?"
சொன்னேன்.
ரைசா சிரித்த சிரிப்பில்
கையிலிருந்த கதிரை நழுவிற்று.
"அது ஸ்னேகம், பனியால்.
பாதை பனியால் மூடிக்கிடந்தது.
எங்களுக்குச் சொல்லின் வால் மாறும்."
எங்களுக்கும் மாறும் என்றேன்.
ஆல். மூன்றாம் வேற்றுமை.
நடுவிரலை மடக்கிப் பார்த்தேன்.
எண்ணிக்கை சரியாகவே இருந்தது.

பெயாத் தாள்களைப் பைக்குள் திணித்தபடி
முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.
"அந்த இடைவெளி நன்றாயிருந்தது.
அடுத்த கிழமை தூனிலும்
அப்படியே வைத்துக்கொள்வோமா?"

ஏலாது என்றேன்.
இனி அந்தச் சொல் எனக்கு விளங்கிவிடும்.