புல எண் 612

அ-பதிவேட்டில் இதன் பெயர்
கல்லாங்குத்து, தீர்வை ஏற்படாத தரிசு.
கீழே களக்காட்டு ரோட்டில்
வாழைத்தார் ஏற்றிப் போகிறவர்களுக்குக் கோட்டைப்பொத்தை.
மேலே இருந்தவர்கள் என்ன பெயர் வைத்திருந்தார்களோ,
அதை எழுதக் கட்டம் இல்லை.

ஆனி மாசம். ஆளைத் தள்ளும் காற்று.
நானும் தலையாரி உச்சிமாகாளியும்
பிரண்டை படர்ந்த படிகளில் ஏறினோம்.
நூற்று நாற்பது வரை எண்ணினேன்.
அதற்கு மேல் கல் எது, படி எது
என்று காலுக்கே தெரியவில்லை.

"வாசல் இங்கனதான் மேடம்."
இரண்டு தூண். மேலே உத்தரம் இல்லை,
வானம்தான்.
ஆனாலும் அவர் குனிந்து நுழைந்தார்.
ஏன் என்று கேட்க வாயெடுத்தேன்,
நானும் குனிந்திருந்தேன்.

டேப்பின் ஒரு முனை அவர் கையில்,
மறுமுனை என் கையில்.
நடுவில் காற்று அதை மீட்டிக்கொண்டிருந்தது.
தெரு அகலம் நாலரை அடி.
சுமையோடு எதிரெதிரே இரண்டு பேர் வந்தால்
ஒருவர் சுவரோடு ஒட்டி நின்றாக வேண்டும்.
பதினேழு அஸ்திவாரம்.
ஒரு விளக்குமாடத்தில் கரி;
தொட்டேன், விரலில் ஒட்டவில்லை.

மூன்றாம் வீட்டின் அங்கணக்குழி
நான்காம் வீட்டு வாசலைப் பார்த்துத் திறந்திருந்தது.
சண்டை நடந்திருக்கும், சத்தியமாக.
திங்கள்தோறும் மனுநாளில்
இதே சண்டையை மூன்று பிரதிகளில் வாங்குகிறவள் நான்.

உச்சியில் ஊருணி.
பாறையில் வெட்டி, சுண்ணாம்பு பூசி,
இறங்க ஐந்து படி வைத்து.
அடியில் குறுக்காக ஒரு பிளவு.
முதல் பூச்சு சங்கு மாதிரி வழுவழு.
இரண்டாவதில் மணல் கூடுதல்.
மூன்றாவதற்குக் கரண்டி தேடவும் நேரமில்லை போல,
உள்ளங்கை இழுத்த தடம்.
நான்காவது பூச்சு இல்லை.

உச்சிமாகாளி பிளவருகே குத்தவைத்தார்.
"படை வந்துச்சும்பாவ. தீ வச்சாம்பாவ.
எனக்கென்னமோ, தண்ணி ஒழுகிட்டு மேடம்."
பாட்டிலில் மிச்சமிருந்ததைப் பிளவில் ஊற்றினார்.
காதை வைத்துக் கேட்டோம்.
விழுந்த சத்தம் வரவேயில்லை.
அதன்பின் இருவருக்கும் தாகம் எடுத்தது.

கிழக்கே, கை நீட்டினால் தொடலாம் போல,
குளம் குளமாக மினுங்கியது நாங்குநேரித் தாலுகா.
தெற்கே காற்றாலைகள்.
காற்றாலைகள் இல்லாத ஒரு நாளில்
இதே பாறையில் வெறுங்குடத்தோடு
நின்றவள் ஒருத்தி
அத்தனை தண்ணீரையும் பார்த்திருப்பாள்.

பையில் விண்ணப்பம் இருந்தது.
உடைகல் வெட்ட, மூன்று ஹெக்டேர், ஐந்து வருடக் குத்தகை,
விண்ணப்பதாரர் தவசிலிங்கம்.
இந்த வாரமே அறிக்கை வேண்டும் என்று
இரண்டு முறை போன்.

முந்நூறு மீட்டருக்குள் குடியிருப்பு உண்டா?
யார் வீட்டு அடுக்களையிலோ நின்றுகொண்டு
இல்லை என்று எழுதினேன்.
ரேஷன் கார்டு இல்லாதவர்கள்
குடியிருப்பில் சேர மாட்டார்கள்.

கோயில் உண்டா? இல்லை.
மின்கம்பி? இல்லை.
நீர்நிலை?

பேனா நின்றது.
ஊருணிக் கரையில் குழிந்த ஓர் உரல்.
நேற்றைய சாரல் அதில் இரண்டு விரற்கடை.
வால் முளைத்த கறுப்புப் புள்ளிகள் நாலைந்து
கல்லின் சுற்றளவை அளந்துகொண்டிருந்தன.

காற்று தாளைப் பிடுங்கியது.
உச்சிமாகாளி கட்டைவிரலால்
612-ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டார்.
எழுதினேன்:
உண்டு. ஊருணி ஒன்று.

படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.
சிரிக்கவில்லை.
"ஆழம் கேப்பாவளே?"
"டேப்பை விடுங்க."

பூச்சு விட்ட பிளவுக்குள் நுனியை இறக்கினார்.
ஆறு மீட்டர் என்றார். ஒன்பது என்றார்.
கையிலிருந்து சுருள் சுருளாக
அது போய்க்கொண்டே இருந்தது.