சமதளம்

சாவியைத் திருப்பினால் ஒரு ‘டிக்’.
பல்லி சொன்னதுபோல் ஒரே ஒரு டிக்.
பலன் பார்க்கப் பஞ்சாங்கம் வேண்டாம்:
ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது.

ஐந்து வாரம் ஷெஃபீல்டின் மேடுகள்
என்னைக் காப்பாற்றின.
எங்கே நிறுத்தினாலும் காரின் மூக்கு பள்ளத்தைப் பார்க்க வேண்டும்.
கைப்பிரேக்கை எடு, உருளட்டும், இரண்டாம் கியர்,
கிளட்சை விடு.
ஒரு தும்மல், ஒரு குலுக்கல், பிறகு உயிர்.

வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி,
மாத்திரை எண்ணிக் கொடுக்கிற வேலை எனக்கு.
எந்த வாசல் சரிவு, எந்த வாசல் தட்டை
என்பதே ஊரின் வரைபடமாயிற்று.
ரொனால்டின் வாசல் தட்டை.
அங்கே மட்டும் எஞ்சினை அணைப்பதில்லை.
அவருக்குச் சவரம் செய்து முடிக்கும்வரை
ஜன்னலுக்கு வெளியே என் பெட்ரோல் எரியும்.
“உன் கார் இருமுகிறது” என்பார்,
இருமிக்கொண்டே.

மெக்கானிக் கேட்டது முந்நூற்று அறுபது பவுண்டு.
பழுது நீக்கிய மோட்டார் தபாலில் தொண்ணூற்றைந்து.
மிச்சத்தை என் கை சம்பாதிக்கட்டும் என்றேன்.

அப்போதுதான் உறைத்தது:
சரிவில் ஜாக்கி போட்டு அடியில் படுப்பவள்
எழுந்து வருவது நிச்சயமில்லை.
சமதளம் வேண்டும்.
சமதளத்தில் கை சொதப்பினால்
அங்கிருந்து உருண்டு தப்பவும் முடியாது.

வாக்லியில் எங்கள் தெருமுனைச் சேப்பலின் முற்றம்
தோசைக்கல் மாதிரி தட்டை.
சாவி வைத்திருக்கும் ஐரீன் சொன்னாள்:
“காலை ஆராதனை முடிந்ததும் வா.
ஆறு மணிக்குப் பிரசங்கியார் நிறுத்துவது அங்கேதான்.
ஒரு சொட்டு எண்ணெய் சிந்தக் கூடாது.”

வாஷிங் மெஷின் வந்த அட்டையை விரித்துப் படுத்தேன்.
பேட்டரியின் மைனஸை முதலிலேயே கழற்றியாயிற்று.
தடித்த வயர், மெல்லிய வயர்.
கீழ் போல்ட் சொன்ன பேச்சு கேட்டது.
மேல் போல்ட் இருக்குமிடத்தில்
கண்ணுக்கு வழியில்லை, மூன்று விரலுக்கு மட்டும் வழி.
ஐரீன் டார்ச் பிடித்தாள்,
வெளிச்சம் முழுக்க அவள் செருப்பில்.

பரவாயில்லை. முதுகு தேய்த்துப் பழகிய கை இது.
பார்க்காமல் தேடத் தெரியும்:
ஒரு விளிம்பு, ஒரு பள்ளம், பிசுக்கு,
இதோ ஆறு முனை.

அசையவில்லை.
துரு எண்ணெய் அடித்து இருபது நிமிடம்.
மறுபடி. அசையவில்லை.
நாலு மணிக்கே இருட்டிய நவம்பர்
என் சட்டைக்குள் வந்து படுத்துக்கொண்டது.
உள்ளே போன ஐரீன்
ஊர்வலக் கொடிக்கம்பின் ஒரு துண்டோடு வந்தாள்,
பித்தளைக் குழாய், ஸ்பானரில் கச்சிதமாக நுழைந்தது.
“கடவுள் கோபிக்க மாட்டாரா?”
“அவருக்கும் ஆறு மணிக்கு இடம் வேண்டுமே.”

குழாயோடு தொங்கினேன்.
சுட்டதுபோல் ஒரு சத்தம்.
உடைந்துவிட்டது என்று கண்ணை மூடினேன்.
உடையவில்லை, விட்டுக்கொடுத்திருந்தது.
பழையது நாலு கிலோ, நேராக நெஞ்சில்.

ஐந்தே முக்கால். புதியது ஏறி உட்கார்ந்தாயிற்று.
சாவியைத் திருப்பினேன்.
டிக் கூட இல்லை.
பழைய டிக்குக்காக ஏங்கினேன், வெட்கமில்லாமல்.
வாசலில் பிரசங்கியாரின் விளக்குகள் திரும்பின.
ஐரீன் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்து,
“இந்தக் கறுப்பு வயர்
எதிலும் சேராமல் கிடக்கிறதே?”

மைனஸ்.

திங்கள் காலை. ரொனால்டின் வாசல்.
அவர் கன்னத்தில் கத்தி இறங்கும் சத்தம்
இன்றுதான் எனக்குக் கேட்டது,
உப்புத்தாள் உரசுவதுபோல்.
தலையை ஜன்னல் பக்கம் சாய்த்துக் கொஞ்ச நேரம் இருந்தார்.
“செத்துவிட்டதா?”
“இல்லை ரொனால்ட்,
அணைத்திருக்கிறேன்.”